முகம் சொல்லும், இடம் சொல்லாது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, அடுப்பு வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கத்தாருக்கும், மைக் கட்டித் தந்த தம்பிகளுக்கும் என் நன்றி.

மாத்திரைபோல விழுங்கினால் குடலுக்குள் போய்ப் படமெடுக்கும் சின்னக் கேமரா, அதாவது கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பியைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அது எப்படி வேலை செய்கிறது, இன்று யாருக்கு உதவுகிறது, நாளை என்னவாகும்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக 30 ஆண்டுகள் வெளுத்த முகங்களைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவள் நான். ரத்தம் குறைந்திருப்பதை முகம் சொல்லிவிடும். எங்கே கசிகிறது என்று சொல்லாது.

என் சின்னம்மாவுக்கு வயது 68. நாற்று நட்டு உரமேறிய உடம்பு. திண்ணை ஏறினாலே மூச்சு வாங்கியது. மலம் தார் போலக் கறுத்துப் போனது. மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு மாதம் தெம்பாக இருப்பார், மறுபடி சாய்ந்துவிடுவார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஆசனவாய் வழியாகவும் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லை. இரண்டு குழாய்களும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறதே, ஏறக்குறைய 6 மீட்டர் சிறுகுடல்! கடைசியில் ஒரு நகரத்து மருத்துவமனையில், இரவெல்லாம் பட்டினி இருந்து, காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு அந்தக் கேமராவை விழுங்கினார். நீளம் 26 மில்லிமீட்டர், எடை 4 கிராமுக்கும் குறைவு. விழுங்குமுன் உள்ளங்கையில் வைத்து, அது மின்மினிபோல விட்டு விட்டு ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடுப்பில் பட்டை, தோளில் பதிவுப் பெட்டி. நொடிக்கு இரண்டு படம், எட்டு மணி நேரம். மொத்தம் 50,000 படங்களுக்கு மேல். அவற்றில் சில படங்களில்தான் தெரிந்தது, சிறுகுடல் சுவரில் புடைத்துக் கசிந்த ரத்தக்குழாய். முன்பு விட்டவற்றைவிட நீண்ட குழாய் ஒன்றை அதுவரை செலுத்திச் சுட்டு அடைத்தார்கள். அடுத்த நடவுக்கு வரப்பில் நின்று ஆள் ஏவினார்.

இஸ்ரேலில் ஏவுகணைகளுக்குக் கேமரா செய்த பொறியாளர் காவ்ரியேல் இட்டானின் யோசனை இது. 2001-இல் அமெரிக்கா அனுமதித்தது. குடலில் அழற்சி உண்டாக்கும் கிரோன் நோயைக் கண்டறியவும் உதவுகிறது. குடல் சுருங்கியிருந்தால் சிக்கிக்கொள்ளலாம்; முன்னரே சோதிக்க வேண்டும். பரிசோதனைக்குச் சதை எடுக்கவோ கசிவை அடைக்கவோ இதனால் முடியாது. காந்தத்தால் திருப்பும் கேப்ஸ்யூலும், படங்களைக் கணினியே சலித்துத் தருவதும் வந்துவிட்டன. அதை விரிக்க நேரமில்லை, மன்னிக்கவும்.

சோகை வந்த எல்லோருக்கும் இது வேண்டுமென்று நான் கேட்கவில்லை. பெரும்பாலோருக்குச் சாப்பாடும் மாத்திரையும் போதும். இரண்டு குழாய்ச் சோதனையிலும் காரணம் தெரியாமல், ரத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையிலேயே, காசில்லாமல், இது கிடைக்க வேண்டும். சின்னம்மாவுக்காக நாங்கள் நகை வைத்தோம். வைக்க நகையில்லாத வீட்டிலும் அகம் முகத்தில் தெரிந்துகொண்டுதானே இருக்கிறது?

வாசல் மேசையில் மனு இருக்கிறது. பேனாவும், கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் வைத்திருக்கிறேன்.