கையில் ஃபோன் இருக்க, ஏன் என் கடைக்கு வருகிறார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வரும்போல இருந்தும் நம் கடலூர் மஞ்சக்குப்பம் வரை வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளும் அளவில் ஒரு கணினி வரப்போகிறது, மடக்கித் திறந்தால் உள்ளே முழு கீபோர்டு என்று ஆறு மாதமாகப் பேச்சு நடக்கிறது. அதற்காகக் காத்திருக்கலாமா, இருக்கிற செல்போனே போதுமா என்பதுதான் இன்றைய வழக்கு. காத்திருக்கலாம் என்ற பக்கம் நான். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "செல்போனில் இல்லாதது அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார், நீங்களும் கைதட்டினீர்கள்.

நான் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. வருகிற ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது, என் ஃபோனைவிட நல்ல ஃபோன். அப்புறம் ஏன் வருகிறார்கள்? டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்குப் போட்டோவை 50 கேபிக்குள் சுருக்க வேண்டும், அதற்கு வருகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு, இரண்டு பக்கம், தமிழில். அதை ஒரு அம்மா ஃபோனில் வாட்ஸ்அப் வாய்ஸாகச் சொல்லி எனக்கு அனுப்புகிறார், நான் கேட்டு டைப் செய்கிறேன். தன் குறையைத் தன் கையால் எழுத அவரிடம் ஒரு கருவி இல்லை. கையில் பதினைந்தாயிரம் ரூபாய் ஃபோன் இருக்கிறது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பையன் வருவான், பாலிடெக்னிக் படிக்கிறான். பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஃபோனிலேயே முயன்று பார்த்திருக்கிறான். கீபோர்டு மேலே வந்ததும் பாதித் திரை போய்விடுகிறது, ஒரு அடைப்புக்குறி போட இரண்டு தடவை பக்கம் மாற்ற வேண்டியிருக்கிறது, நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுதிக்கொண்டிருந்த இடமே மறந்து போகிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள் என் கடையில் வந்து ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய் கொடுத்து உட்காருகிறான். ஃபோனை நான் குறை சொல்லவில்லை. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் பணம் அனுப்புவதற்கும் அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் உட்கார்ந்து ஒன்றை எழுத, கணக்குப் போட, புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க என்றால் விரலுக்கு இடம் வேண்டும், மனதுக்கும் இடம் வேண்டும்.

லேப்டாப் வாங்கிக்கொள்ளட்டுமே என்பீர்கள். 2011லிருந்து அரசே பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தது, நல்ல காரியம். ஆனால் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவன் அதைத் திறக்க முடியாது, நிலத்தில் நிற்கிறவர் திறக்க முடியாது. எது பையில் இருக்கிறதோ அதுதான் வேளைக்கு உதவும். 1996இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி வந்ததே, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதற்கு முன்னாலேயே ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பை அளவுக்கு அறுத்துச் சில காலம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோல் செய்து பார்ப்பாராம். சட்டைப்பை அளவு என்பது விளம்பர வார்த்தை இல்லை, வேலையே அதில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, சிம்ப்யூட்டருக்கு வருகிறேன். "இந்தியாவே ஒரு கையடக்கக் கணினி செய்து தோற்றது" என்று அண்ணன் சொன்னார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்ற நிறுவனமும் சேர்ந்து 2001இல் சிம்ப்யூட்டர் என்ற அந்தக் கருவியின் முன்மாதிரியைக் காட்டினார்கள். 9,000 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு ஊருக்கு ஒரு கருவி வாங்கி ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நினைத்தது. கடைக்கு வந்தது 2004இல். அதற்குள் 2003லேயே இன்கமிங் கால் இலவசமாகி, செல்போன் மலிந்துவிட்டது. சிம்ப்யூட்டர் விற்றது சில ஆயிரம்தான். இது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எது தோற்றது? விலையும் காலமும் தோற்றன. அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்த சிம்ப்யூட்டரில் கருவியைச் சாய்த்தால் உணர்ந்துகொள்ளும் சென்சார் இருந்தது, ஐபோன் வந்ததோ 2007இல்! அவர்கள் நினைத்தது எதுவும் தப்பாக இருக்கவில்லை. அன்று அவர்கள் நினைத்த விலைக்குள் அடங்காத சிப்பும் திரையும் பேட்டரியும் இன்று ஒரு சாதாரண ஃபோனிலேயே பல மடங்கு திறனோடு கிடைக்கின்றன. அதனால்தான் இப்போது காத்திருக்கலாம் என்கிறேன்.

அண்ணன் கடைசியாகச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. சுனாமி அன்று நல்லவாட்டைக் காப்பாற்றியது ஒரு ஃபோன் காலும் ஒரு ஒலிபெருக்கியும்தான், கணினி இல்லை என்றார். இங்கிருந்து புதுச்சேரி போகிற வழியில் இருக்கிற ஊர், நம்மில் பாதிப் பேருக்கு உறவு இருக்கிற ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் ஃபோன் செய்தார், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். எல்லாம் சரி. அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது அண்ணே? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998லிருந்து வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நல்லவாட்டு ஒலிபெருக்கியும் அப்படி ஒரு மையத்தோடு வந்ததுதான். அந்த மையங்களில் கணினியை இயக்கியது உள்ளூர் ஆட்கள், செய்தியைத் தமிழில் எழுதியதும் அவர்களே. பார்ப்பதற்கு மட்டும் ஒரு திரையைக் கொடுத்திருந்தால் அந்தப் பழக்கமே ஊருக்கு வந்திருக்காது. அந்தக் கணினி இருந்தது ஒரு அறைக்குள், அறைக்கு ஒரு பூட்டு. நான் கேட்பது, அது அறையை விட்டு வெளியே வந்து ஆளுக்கொன்றாகப் பையில் இருக்கட்டும் என்றுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். எது வந்தாலும் வாங்கு என்று சொல்ல நான் வரவில்லை. 1999லேயே அரசு ஏற்ற தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பின் எழுத்துகள் அந்தக் கீபோர்டில் அச்சாகி வர வேண்டும். பேட்டரியை நம் ஊர்க் கடையிலேயே கழற்றி மாற்ற முடிய வேண்டும். தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை ஒரு நடுத்தர செல்போன் விலையைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் இல்லாமல் வந்தால், வாங்காதீர்கள் என்று என் கடை வாசலில் நானே எழுதி ஒட்டுவேன். இவற்றோடு வந்தால் எனக்கு வரும் கூட்டம் குறையும், குறையட்டும். முதல் கருவியை நான் வாங்குவேன், அந்த நெல்லிக்குப்பத்துப் பையனிடம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போ என்பேன்.

நன்றி, வணக்கம்.