பரமபதத்தில் ஒரு டிரிப்ஸ் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். தேர்வு நெருங்கினால் நர்ஸிங் ஹாஸ்டலில் மாடிப்படி, மொட்டைமாடி எங்கும் முணுமுணுப்புதான். படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பல வருடங்களாகப் பாடம் நடத்தும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே கவலை வரும். புத்தகம் திறந்திருக்கும்வரை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடினால் வராது.

அதனால்தான் பரமபதத்தைக் கையில் எடுத்தேன். நாலு பேருக்கு ஒரு சார்ட் அட்டை, நூறு கட்டம். ஏணி ஏற வேண்டுமென்றால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பாம்பிடம் மாட்டினாலும் கேள்விதான். சரியாகச் சொன்னால் பாம்பு விட்டுவிடும்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண். 98-ஆம் கட்டத்துப் பாம்பிடம் மாட்டிக்கொண்டாள். ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் குழாய், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? தரையில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டு, "2500" என்றாள்.

"ஏய், அது டிரிப்ஸா, தண்ணிக் குழாயாடி?" என்றாள் எதிரே இருந்தவள்.

மணியை நிமிடமாக்க மறந்திருக்கிறாள். அவளே 8-ஐ அழித்து 480 போட்டாள். 42 சொட்டு வந்தது. ஆனாலும் பாம்பு இறக்கிவிட்டது, ஆட்டம் என்றால் ஆட்டம்தான். அடுத்த வாரம் வார்டில் பார்க்கிறேன்: டிரிப்ஸ் பக்கத்தில் வாட்சைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தப்பு நோயாளி கையில் நடக்காமல் அட்டையில் நடந்ததே, அதற்காகத்தான் இந்த விளையாட்டு. மறுபடியும் சொல்கிறேன், அதற்காகத்தான்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நம் தேர்வு ஐந்து நிமிடத்திலா வருகிறது?

அப்புறம், நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா அளவை நடித்துக் காட்டும் ஆட்டம். ஒருத்தி மயங்கிய மாதிரி பெஞ்சில் படுப்பாள். மற்றவர்கள் கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, அசைவுக்கு 6 வரை என்ற கணக்கில் மதிப்பெண் போட வேண்டும். கண் திறக்காமல், பேசாமல், அசையாமல் கிடந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 1, மொத்தம் 3, பூஜ்யம் கிடையாது. இதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது.

சரி, ஒன்று மட்டும். கேள்விகளை ஆசிரியர் எழுத வேண்டாம், மாணவிகளே எழுதட்டும். தாயக்கட்டை இல்லாத ஹாஸ்டலில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.