டார்ச் அடித்துப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பிக்சர் ட்யூப் காலத்திலிருந்து சென்னையில் டிவி பழுது பார்க்கிறேன். இன்றைக்கு முக்கியமாக ஒரு பழுதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்: டிவியில் சத்தம் வருகிறது, படம் மட்டும் வரவில்லை.

ராயபுரத்தில் ஒரு வீடு. வயதான அம்மா, தனியாக இருப்பவர். 32 இன்ச் எல்இடி டிவி, நாலு மாசமாகத் திரை கருப்பு. முன்னால் வந்து பார்த்தவர், “பேனல் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புதுசு வாங்க வழியில்லை. நாலு மாசமும் அந்த அம்மா சீரியலைக் காதால் கேட்டே ஓட்டியிருக்கிறார்.

ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்தேன். ரிமோட்டில் மெனுவை அழுத்திவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தேன். சாம்பல் பூத்த மாதிரி எழுத்துகள் தெரிந்தன. மெனு மறைந்ததும் ஒரு பெண்ணின் நெற்றி, பொட்டு, மூக்குத்தி. “உள்ள ஆளு தெரியுதே தம்பி!” என்று அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

படம் வந்துகொண்டேதான் இருந்தது. பின்னால் வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். ஓஎல்இடி, பழைய பிளாஸ்மா போன்ற வகைகளைத் தவிர மற்றத் தட்டை டிவிகளில் பேனல், அதாவது படம் காட்டும் முன்பக்கத் திரை, தானாக ஒளிராது. அதற்குப் பின்னால் எல்இடிகள் ஒட்டிய நீளப் பட்டைகள் இருக்கும், ஸ்ட்ரிப் என்போம். கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் செட் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த எல்இடிகள். ஒன்று அறுந்தாலே போதும், அந்த வரிசை முழுக்க இருண்டுவிடும். பல டிவிகளில் இந்த எல்இடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் கோளாறைக் கண்டதும் மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். அதனால்தான் சில டிவிகளில் போட்டவுடன் ஒரு நொடி படம் மின்னிவிட்டு இருட்டாகிறது.

அந்த டிவியைப் பிரித்தபோது ஒரே ஒரு எல்இடியின் மஞ்சள் முகத்தில் கடுகளவு கருப்புப் புள்ளி. அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்தான். நான் மாற்ற மாட்டேன். மற்றவையும் அதே அளவு சூட்டில் எரிந்து களைத்தவை. சீக்கிரமே அடுத்தது போகும். ரிச்சி தெருவில் ஸ்ட்ரிப் முழு செட்டாகவே கிடைக்கும். போகும்போது டிவியின் மாடல் எண், ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட எண், எத்தனை எல்இடி, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு போக வேண்டும். தப்பான வோல்ட் போட்டால் உழைப்பு வீண்.

டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லையா? அப்போது வேறு சங்கதி. ஸ்டாண்ட்பை விளக்கே எரியாவிட்டால் பெரும்பாலும் பவர் போர்டு. திரை வெளிச்சமாக இருந்து படம் இல்லையென்றால் படத்தைப் பேனலுக்கு ஏற்றபடி பிரித்து அனுப்பும் டி-கான் போர்டோ, பேனலுக்குப் போகும் கேபிளோ. கடலோரம் குடியிருப்பவர்கள் வீட்டில் உப்புக்காற்றுக்குக் கனெக்டர் பச்சை பிடித்திருக்கும். சுத்தம் செய்தாலே சில சமயம் சரியாகிவிடும். கண்ணாடி விரிசல் விட்டு மை கொட்டின மாதிரி பரவியிருந்தால்தான் பேனல் போச்சு என்று தயங்காமல் சொல்லலாம். அதை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டார்ச் சோதனையை யாரும் செய்யலாம். பின்மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பேனலைத் தூக்கவும் இரண்டு பேர் வேண்டும். அதன் ஓரத்தில் தொங்கும் மெல்லிய ரிப்பன் ஒன்று கிழிந்தால், நல்ல பேனலும் அன்றோடு சரி.

ராயபுரத்து வீட்டில் புது ஸ்ட்ரிப் போட்டதும் முதல் வேலையாக மெனுவுக்குள் போய், முழுசாக ஏற்றிவைத்திருந்த பேக்லைட்டை, அதாவது அந்தப் பின்வெளிச்சத்தைப் பாதிக்குச் சற்று மேலே இறக்கிவைத்தேன். சூடு குறையும், எல்இடி கூடுதல் நாள் உழைக்கும். உங்கள் வீட்டு டிவியிலும் இன்றைக்கே இதைச் செய்யலாம். அந்த அம்மா திரைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இவதானா அந்தக் குரலு?” என்றார்.

நன்றி, வணக்கம்.