குமரிமுனைக்கு இரண்டு இரவுகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் அடிபடும் பெயர்களில் கன்னியாகுமரியும் ஒன்று. நான் அந்த மாவட்டத்துக்காரன். நாகர்கோவிலுக்கு அருகில் பிறந்து, பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே வெளியூர் உறவினர்களுக்கெல்லாம் நான் சம்பளம் வாங்காத வழிகாட்டி. அவர்களுடைய பயணத் திட்டங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு குறை மனத்தில் தங்கிவிட்டது. பெரும்பாலோர் குமரியை ஒரே இரவில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பிற்பகலில் வந்து இறங்கி, அஸ்தமனம் பார்த்து, உறங்கி எழுந்து, உதயம் பார்த்து, படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்வந்து, மதியச் சாப்பாடு ஆனதும் திருச்செந்தூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ வண்டியைத் திருப்பிவிடுவது என்பதே வழக்கமான கணக்கு. தாளில் எழுதிப் பார்த்தால் அது சரியாகத்தான் வரும். ஆனால் அந்தக் கணக்கு நிறைவேறுவதற்குச் சூரியன், மேகம், காற்று, கடலின் நீர்மட்டம் ஆகிய நான்கும் ஒரே நாளில் ஒத்துழைக்க வேண்டும் என்பதை யாரும் எண்ணுவதில்லை. அதனால்தான், குமரிக்கு வருவதானால் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கும்படி வாருங்கள் என்று எவரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எந்த மாதத்தில் வருவது என்பதைப் பார்ப்போம். குமரியில் சூரியன் கடலில் உதித்துக் கடலில் மறையும் என்று நாம் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடுகிறோம். இதில் உதயம் ஆண்டு முழுவதும் உண்மை. முனையிலிருந்து கிழக்குக் கரை திருச்செந்தூரை நோக்கி வடகிழக்காக விலகிச் செல்வதால், சூரியன் வடக்கே நகர்ந்தாலும் தெற்கே நகர்ந்தாலும் அது எழுவது நீரின் மேல்தான். அஸ்தமனம் அப்படியன்று. மேற்குக் கரை முட்டம், குளச்சல் என்று ஏறத்தாழ மேற்காகவும் சற்றே வடக்காகவும் நீள்கிறது. கோடையில் சூரியன் வடமேற்கில் இறங்குகிறபோது, முக்கடல் சங்கமத்தில் நிற்பவருக்குக் கட்டடங்களும் தென்னைகளும் மேடும்தான் அதை விழுங்குகின்றன. ஐப்பசியிலிருந்து மாசி வரை, அதாவது அக்டோபர் நடுப்பகுதி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை, சூரியன் மேற்குக்குத் தெற்கே இறங்குவதால், நின்ற இடத்தை விட்டுப் பெரிதாக நகராமலே காலையில் எழுவதையும் மாலையில் மறைவதையும் கடலின் மேல் காணலாம். மற்ற மாதங்களில் வருகிறவர்கள் மாலையில் ஊரின் மேற்கே உள்ள அஸ்தமனக் கரைக்குப் போய்விட வேண்டும். அந்தக் கரை கோவளம் என்னும் மீனவச் சிற்றூரை ஒட்டியது. கேரளத்துக் கோவளம் வேறு. அது திருவனந்தபுரத்தின் பக்கம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் கோவளம் என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு கிலோமீட்டரில் இறக்கிவிட்டதும் ஏமாற்றப்பட்டதாகச் சண்டை போட்ட ஒருவரை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

சித்திரைப் பௌர்ணமியன்று ஒருபுறம் சூரியன் மறைய, மறுபுறம் நிலவு எழுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். முழுநிலவு நாளில் சூரியனும் சந்திரனும் பூமிக்கு எதிரெதிராக நிற்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் இது ஏறக்குறைய நடப்பதுதான். எனினும் ஆடியில் தென்மேற்குப் பருவமழையின் மேகமும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மேகமும் மறைத்துவிடுவதால், வானம் தெளிந்த சித்திரைக்கு அந்தப் பெருமை வாய்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் எங்களுடையது. விவசாயிக்கு அது கொடை, சுற்றுலா வருபவருக்குச் சற்றுத் தொல்லை.

கூட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கார்த்திகை முதல் நாளிலிருந்து தை மகரவிளக்கு வரை சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் சாரி சாரியாகக் குமரிக்கும் வருவார்கள். அந்த இரண்டு மாதமும் ஊருக்கு ஒரு திருவிழாக் களை உண்டு. கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருக்கும். படகு வரிசை மட்டும் மணிக்கணக்கில் நீளும். மே மாதம் பள்ளி விடுமுறைக் கூட்டம். என்னைக் கேட்டால், பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்தபின் வரும் தை மாதத்துப் பின்பாதியும் மாசி மாதமும்தான் தோது. வெயில் ஏறியிருக்காது, மழை விட்டிருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

ரயிலில் வருவோருக்கு ஒரு சொல். முன்பதிவு 120 நாட்களுக்கு முன்பே தொடங்கிய காலம் போய், 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. சென்னை எழும்பூரில் மாலையில் புறப்படும் கன்னியாகுமரி விரைவு ரயில் மறுநாள் அதிகாலையில் வந்து சேரும் என்பதால், அன்றைய உதயத்தைக் கண்டுவிடலாம் என்று பலர் அதையே நம்பி வருகிறார்கள். வண்டி முக்கால் மணி நேரம் தாமதித்தால் அந்த நம்பிக்கை முடிந்தது. வந்து சேரும் நாளின் உதயத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். கிடைத்தால் வரவில் வைத்துக்கொள்ளலாம்.

அறை எடுப்பதில் நானே சூடுபட்டவன். ஒருமுறை வேறொரு கடற்கரை ஊரில், கடல் தெரியும் அறை என்று கூடுதல் பணம் கட்டி எடுத்தேன். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து மாடியில் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டிகள் மூன்று; இரண்டாம் தொட்டிக்கும் மூன்றாம் தொட்டிக்கும் நடுவே, துண்டு விரித்த அகலத்தில் கடல். பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. அன்றுமுதல், அறை எந்தத் திசையை நோக்கியது, எத்தனையாவது மாடி என்ற இரண்டையும் கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை. குமரியில் கிழக்கு நோக்கிய அறை கிடைத்துவிட்டால், முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் விடியற்காலையில் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. சந்தடி வேண்டாம் என்பவர்கள் ஊருக்குச் சற்று வெளியே மரங்களடர்ந்த விவேகானந்தபுரத்தில் தங்கலாம். அங்கிருந்தே கிழக்குக் கரைக்கு நடந்து போய் உதயம் பார்க்கலாம்.

உதய நேரம் ஜனவரியில் காலை 6.40-ஐ ஒட்டியும் மே மாதத்தில் 6 மணியை ஒட்டியும் இருக்கும். அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். அந்த நேரத்துச் செவ்வானமே பாதிக் காட்சி. பலூன்காரர், பாசிமணி விற்கும் பெண், தேநீர்த் தூக்குடன் திரியும் சிறுவர் என்று கரை அதற்கு முன்பே விழித்திருக்கும். வானம் உச்சியில் பளிச்சென்றிருந்தும் அடிவானத்தில் மட்டும் ஒரு மேகத் திட்டு படுத்திருக்கும். குறித்த நேரம் கடந்து, கூட்டத்தில் பாதிப் பேர் சலித்துத் திரும்பியபின், கால் மணி நேரம் கழித்து அந்தத் திட்டின் மேல்விளிம்பில் சூரியன் முழு வட்டமாகவே தலைகாட்டும். அதைக் கடலிலிருந்து எழுந்த சூரியன் என்று சொல்லிக்கொள்ள மனம் ஒப்பாது. இரண்டாம் இரவு தங்குகிறவருக்கு மறுநாளும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

படகுப் பயணத்திற்கும் இது பொருந்தும். விவேகானந்தர் 1892 டிசம்பரில் அமர்ந்து தியானித்த பாறையில் நினைவு மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது. அடுத்த பாறையில், கணபதி ஸ்தபதி வடித்த திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்குமாக 95 அடிச் சிலை, ஆக 133 அடி. நீர்மட்டம் தாழும் நாட்களில் வள்ளுவர் பாறையைப் படகு அணுக முடியாமல், விவேகானந்தர் பாறையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 2024 டிசம்பர் 30 அன்று இரு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடித் தளப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தக் குறை தீர்ந்தது. ஒரு பாறையில் இறங்கி மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். கண்ணாடியின் கீழே அலை நுரைத்துப் பாறையில் சிதறுவதைப் பார்க்கத் தலைசுற்றுகிறவர்கள் நிமிர்ந்து சிலையைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவது நல்லது.

ஆனால் காற்று எழுந்தால் படகே நிற்கும். கோயம்புத்தூரிலிருந்து என் பெரியப்பா மகன் குடும்பத்தோடு ஒரு ஜூன் மாதம் வந்திருந்தார். உதயம் பார்த்து, விடுதிக்குத் திரும்பிக் குளித்து, சாவகாசமாகச் சிற்றுண்டி முடித்து, பதினொரு மணிக்கு வரிசையில் நின்றார்கள். ஒன்றரை மணி நேரம் நின்று சீட்டு வாங்கும் இடத்தை நெருங்கியபோது, கடல் சீற்றத்தால் படகுப் போக்குவரத்து நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. “என்னடா தம்பி, உங்க ஊர்க் கடல் எங்களைக் கண்டதும் கோவிச்சுக்கிட்டுது” என்று அவர் தொலைபேசியில் சிரித்தார். பின்னணியில் பிள்ளைகள் அழும் ஓசை கேட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வலுத்திருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா அன்று. படகு காலை எட்டு மணி வாக்கில் ஓடத் தொடங்கும். உதயம் முடிந்ததும் அறைக்குத் திரும்பாமல் நேரே படகுத்துறைக்குப் போய்விடுகிறவர்களுக்கு வரிசையும் குறைவு, வெயிலும் குறைவு. பகவதி அம்மன் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் சாத்தும் நடை மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கடலில் இறங்குவதைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. முனையைச் சுற்றி நீருக்கடியில் பாறைகள் மிகுதி. சுவர் கட்டிக் காத்த சங்கமத் துறையைத் தவிர வேறெங்கும் இடுப்பளவு நீருக்குப் போவதே தவறு. அதோடு, எங்கள் மீனவர்கள் கள்ளக்கடல் என்று அழைக்கும் ஒன்று உண்டு. இங்கே காற்றும் இராது, மழையும் இராது, வானம் நீலமாக இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயலில் பிறந்த நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, அறிகுறியே காட்டாமல் கரையில் ஏறும். திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று, கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை இப்படிப்பட்ட அலைதான் கொண்டுபோனது. அதற்கு முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. வானொலிச் செய்தியிலும் அவை வரும். புறப்படுவதற்கு முன் வானிலையைக் கேட்பது போல இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால், அலை சாதுவாகத் தோன்றினாலும் காலைக்கூட நனைக்காதீர்கள்.

இறங்காவிட்டால் கரையில் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மணலைப் பார்க்கச் சொல்லுங்கள். அலை ஏறித் திரும்பும் சரிவில், வெண்மணலின் மேல் மை கொட்டி இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள் கிடக்கும். அது இல்மனைட் என்னும் கனிமம். சாதாரண மணலைவிடக் கனமானது என்பதால், நீர் திரும்புகிறபோது இலேசான மணல் போய்விட, இது பின்தங்கிவிடுகிறது. சில இடங்களில் குங்குமம் தூவியது போல் கார்னெட் சிவந்திருக்கும். சுசீந்திரம் கோயிலின் இறைவனான தாணுமாலயனுடன் நடக்கவிருந்த திருமணம் நின்றுபோக, குமரியம்மன் சிதறிய கல்யாண அரிசிதான் இந்த மணல் என்பது ஊர்க்கதை. ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், நொய்யரிசியும் குருணையும் போல நிறம் நிறமாக மணிகள் பிரியும்.

இரண்டாம் நாளின் நடுப்பகல் வெயிலைக் கரையில் கழிப்பதைவிட உள்நாட்டில் கழிப்பது மேல். சுசீந்திரம் வழியிலேயே இருக்கிறது. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. என் பெரியப்பா மகன் படகைத் தவறவிட்ட மறுநாள் திங்கட்கிழமை என்பதையும், அவர் பூட்டிய கதவின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பியதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கின் மேலே கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் கால்வாயோரமாக நடக்கலாம். வழியில் மட்டிப்பழம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். விரல் நீளமே உள்ள அந்த வாழைப்பழத்திற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது வெகுநாள் தாங்காது, ஆகவே ஊருக்கு வாங்கிப் போக ஏத்தங்காய் என்று நாங்கள் சொல்லும் நேந்திரங்காயின் வற்றலும் முந்திரிக்கொத்தும்தான் பொருத்தம். மதியத்திற்கு மரச்சீனிக் கிழங்கும், அதாவது மரவள்ளியும், மீன்குழம்பும் கேளுங்கள்.

சென்னைக்குத் திரும்பும் ரயில் மாலையில், பெரும்பாலும் அஸ்தமனத்திற்குச் சற்று முன்பு புறப்படும். அன்றைய அஸ்தமனம் கரையில் கிடைக்காது என்பதால், முந்தைய மாலைகளிலேயே அதைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். ஏறியதும் இடப்பக்கத்துச் சன்னலருகே உட்காருங்கள். நாகர்கோவில் வரையிலான அந்தச் சிறு தொலைவில், வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அப்பால், மரங்களுக்கு இடையே விட்டு விட்டு, சூரியன் கூடவே வரும்.

வணக்கம்.