கையில் வெண்ணெய்

(தேவிபட்டினத்தில் கால்நடை வளர்ப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அம்மா அவர்களே, ஜமாத் தலைவர் பெருந்தகையே, பங்குத்தந்தை அவர்களே, ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்காக நடுச்சாமத்திலும் ஓடிவரும் நம் கால்நடை மருத்துவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மீனவர் சங்கப் பெரியவர்களே, பின்னால் நிற்கும் தாய்மார்களே! இளைஞர்கள் எழுந்து அந்த நாற்காலிகளைத் தாய்மார்களுக்குக் கொடுங்கள். நன்றி, நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு ‘பாலும் மனித நாகரிகமும்’. மூன்று செய்திகள் சொல்வேன். பாலை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான், அது எப்படிப் பரவியது, எப்படி வியாபாரமானது. மூன்றுக்கும் முன்னால் ஒரு பழமொழி: கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

மேற்காசியாவில் ஆட்டையும் மாட்டையும் மனிதன் கட்டி வளர்க்கத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. துருக்கியில், மர்மரா கடலை ஒட்டிய பகுதியில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பால்கொழுப்பு ஊறியிருப்பதைக் கண்டார்கள். ஆனால் அந்தப் பானைக்காரர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் பச்சைப் பால் செரித்திருக்காது. பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்னும் நொதி, தாய்ப்பால் மறந்தபின் குறைந்துபோகும். இன்றும் உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இதே நிலைதான். அவர்களுக்கு வழிவிட்டது உறைமோர். உறை ஊற்றினால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. போலந்தில் 7,000 ஆண்டுப் பழமையுள்ள ஓட்டைப் பானைகள் கிடைத்தன. அவற்றில் பாற்கட்டி வடித்திருக்கிறார்கள்.

ஈராக்கில் ஊர் என்னும் பழைய நகரத்தின் அருகே அல் உபைத் என்றொரு மேடு. அங்கே 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய கோயிலின் சுவர்ப்பட்டையில் பால் கறக்கும் காட்சி இருக்கிறது. கறப்பவர் பசுவின் பின்பக்கம் குந்தியிருக்கிறார். கன்று தாயின் தலைப்பக்கம் நிற்கிறது. அடுத்து ஒருவர் பாலை வடிகட்டுகிறார். கன்றைக் காட்டினால்தான் பசு பாலை இறக்கும் என்று நம் தாய்மார்களுக்குத் தெரிந்தது அங்கே வாழ்ந்த சுமேரியருக்கும் தெரிந்திருக்கிறது! நம் பக்கம் வந்தால், குஜராத்தில் கோட்டடா பட்லி என்னும் சிந்துவெளி ஊரின் பானை ஓடுகளிலும் பால்பண்டத் தடயம் இருப்பதை 2020-இல் வெளியிட்டார்கள். மங்கோலியர் குதிரைப் பாலைப் புளிக்க வைத்தார்கள், திபெத்தியர் தேநீரில் வெண்ணெய் கலந்தார்கள். விரித்தால் விடிந்துவிடும்.

நம் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள், ஆயர் குலத்துப் பெண், வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, சும்மாட்டின்மேல் மோர்ப்பானையை வைத்துப் போய், மோரைக் கொடுத்து நெல் வாங்கிச் சுற்றத்தாருக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். எருமையும் பசுவுமாகத்தான் வாங்குவாள்.

அந்த ஆய்மகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அவர் பெயர் தயிர்க்கார அப்பத்தா. விடியுமுன் கிளம்பி, மந்தைவெளி வழியாகக் கடற்கரைக் குப்பத்துக்கு நடப்பார். உழக்கு மோருக்கு ஒரு கை காரல் மீன், தயிருக்கு நகரை மீன். காசு கைமாறாது. ஒருநாள் குப்பத்துக்கு வாழவந்த புதுப்பெண் ஒருத்தி, “அப்பத்தா, இன்றைக்குக் கிணறும் சேர்ந்து வந்திருக்கிறது போல” என்று சொல்லிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டார். மறுநாள் தலையில் பானை இல்லை. கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் மயிலைப் பசு, பின்னாலேயே கன்று! வலை காயப்போடும் கம்பத்தில் பசுவைக் கட்டினார். “அடியே, உன் வீட்டுச் செம்பைக் கொண்டு வா” என்றார். குப்பமே கூடிவிட்டது. அந்தப் பெண்ணின் செம்பிலேயே நுரை பொங்கக் கறந்து அவள் கையில் கொடுத்து, “இதில் கிணறு எங்கே இருக்கிறது, காட்டு” என்றார். அதற்குள் பசு, கம்பத்தில் காய்ந்துகொண்டிருந்த சங்கத் தலைவரின் வேட்டியில் முக்கால்வாசியைத் தின்று முடித்திருந்தது! தலைவர் வேட்டியைப் பார்க்கிறார், பசுவைப் பார்க்கிறார். அப்பத்தா, “வேட்டிக்குப் பத்து நாள் தயிர், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். அன்றுமுதல் அந்தப் பெண் வீட்டில் இறங்குகிற முதல் நகரை அப்பத்தாவுக்குத்தான்.

அப்பத்தா நடந்த மந்தைவெளியில் இன்று ஒரு மனிதர் நடக்க முடியுமா? முழுக்கச் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். இனிக்கிற காயை மாடும் ஆடும் தின்கின்றன. விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. மேய்கிற மாட்டைக் கொண்டே மேய்ச்சல் நிலத்தை அது பிடித்துக்கொள்கிறது! அடர்ந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் முளைப்பதில்லை. புல் இல்லை, மாட்டை விற்றோம். இப்போது விடியற்காலையில் பாக்கெட் பாலுக்குக் கடைவாசலில் நிற்கிறோம். வருவாய்ப் பதிவேட்டில் அந்த நிலம் இன்னும் மேய்ச்சல் புறம்போக்கு. நிலம் நம்முடையது, புல் நம்முடையது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

இந்த மரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை நான் மறக்கவில்லை. மரம் அவர்களுக்கே போகட்டும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆகவே தூரோடு பெயர்த்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சும்மா விடாமல் கொழுக்கட்டைப் புல் விதைக்க வேண்டும், ஓரத்தில் நம் கடற்கரைக் குடைவேல மரத்தை நட வேண்டும். அயல் மரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசே கொள்கை வெளியிட்டிருக்கிறது. வட்டாட்சியர் அவர்கள் முன்னிலையிலேயே இதை வேண்டுகோளாக வைக்கிறேன்.

மூன்றாவது செய்தி, பால் வியாபாரமான கதை. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்ட உழவர்கள் கூட்டுறவு தொடங்கியதும், 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்ததும் அதில் அடங்கும். அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன் அவர்களைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அது இன்னொரு மேடைக்கு.

பந்தல் வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் ஒவ்வோர் ஊரும் மேய்ச்சல் நிலத்தை மீட்கத் தீர்மானம் போட வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கோரிக்கை. கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்கள் ஊர் மந்தைவெளியின் சர்வே எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். எண் தெரியாதவர்கள் நாளைக் காலையே கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். மனுவை அதுவரை நான் வைத்திருக்கிறேன்.