ஏழு டாலர் சம்பளமும் 54ஆம் படையும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை அழகாகப் பேசி என் பாரத்தைக் குறைத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்த பெரியவர் அவர்களே, இடமின்றி வாசலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களை எதிர்த்து வடக்குத் தரப்பில் போரிட்ட மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆம் காலாட்படையைப் பற்றி, அது திரண்ட விதம், தெற்குத் தரப்பின் வாக்னர் கோட்டைமீது அது நடத்திய தாக்குதல், சம்பளத் தகராறு என மூன்றையும் பேசுவதாக அறிவித்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் முதலிரண்டையும் சுருக்குகிறேன். ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவின் முயற்சியால் 1863இல் கறுப்பினத் தன்னார்வலர்களைக் கொண்டு அமைந்த அப்படையில் அடிமைத்தளையிலிருந்து தப்பி, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளசின் மகன்கள் இருவர் சேர்ந்தார்கள். ஜூலை 18 மாலையில் வாக்னர் கோட்டை மதில் ஏறிய படைத்தலைவர் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா அங்கேயே வீழ்ந்தார்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்று நான் மேடைதோறும் சொல்வதுண்டு. இவர்கள் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கோ 10 டாலர், அதிலும் உடைக்கென 3 பிடித்தம். குறைத்துக் கொடுத்த சம்பளத்தை அவர்கள் தொட மறுத்தார்கள். வித்தியாசத்தைத் தானே தருவதாக மாசசூசெட்ஸ் சட்டமன்றம் முன்வந்தபோதும், கேட்டது தருமமன்று, சமநிலை என்று அதையும் மறுத்தார்கள்.

1864 பிப்ரவரி 20 அன்று புளோரிடாவின் ஒலஸ்டியில், தோற்றுக்கொண்டிருந்த போருக்குள் ஓடியபோது, 'மாசசூசெட்சுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் மூன்று முறை ஜே!' என்று முழங்கினார்களாம். சிரிக்கிறீர்கள், அவர்களும் சிரித்துத்தான் இருப்பார்கள். பின்வாங்கும் படைக்குப் பாதுகாப்பாகக் கடைசியில் நின்று, இரவெல்லாம் நடந்து களைத்தவர்களுக்கு, திரும்பிப் போகும்படி உத்தரவு வந்தது. காயமுற்றோரை ஏற்றிய ரயிலின் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. விட்டால் அத்தனை பேரும் எதிரியின் கையில் சிக்குவார்கள். எஞ்சினிலும் பெட்டிகளிலும் கயிறு கட்டி, தேர் இழுப்பதுபோல அந்த ரயிலைக் கையால் இழுத்தார்கள். குதிரைகள் கிடைக்கும்வரை இழுத்தார்கள், ஐயா! அன்றுவரை அரசிடம் ஒரு காசுகூட வாங்காத கைகள் அவை.

உழக்குக்கூட மிஞ்சாத அந்த உழவர்களுக்கு 1864 ஜூனில் சமச் சம்பளச் சட்டம் வந்தது. படையில் சேர்ந்த நாள் தொட்டுக் கணக்கிட்ட நிலுவை அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கைக்கு வந்தது. சேர்ந்த நாள் தொட்டு என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கு நாம் கேட்கும் நிலுவையும் அப்படித்தான் கணக்கிடப்பட வேண்டும் என்ற மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. நீதிபதி ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.