"சூப்பர் டாக்!" சரி, எந்த இடம் சூப்பர்?

[திரையில்: மேடை, கைத்தட்டல், இறங்கி வரும் ஸ்பீக்கர்]

சாஃப்ட்வேர் மாநாட்டுல டாக், அதாவது தன் பேச்சை, முடிச்சு இறங்குற ஸ்பீக்கர் காதுல முதல்ல விழுறது "சூப்பர் டாக்!" கேட்கச் சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா அதே டாக்கை அடுத்த ஊர்ல கொடுக்கும்போது எதை மாத்தணும், எதைத் தொடக்கூடாதுன்னு அதுலேர்ந்து எதுவும் தெரியாது.

[திரையில்: பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள்]

கியூகான் மாதிரி மாநாடுகள்ல, அரங்கை விட்டு வெளியே வரும்போது இந்த மூணு நிறத்துல ஒண்ணைப் போட்டுட்டுப் போற வழக்கம் இருந்திருக்கு. ஏற்பாடு செய்றவங்களுக்கு இது நல்ல உதவி. எந்த அமர்வு எடுபட்டதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். ஸ்பீக்கருக்கு? சிவப்பு நிறைய விழுந்தா மனசு உடையும், காரணம் தெரியாது. தலைப்பைப் பார்த்து வேற எதையோ எதிர்பார்த்து வந்தாங்களா? டெமோ சொதப்புச்சா? பின்வரிசைக்கு மைக் கேட்கலையா?

அதனால, எந்த இடத்துல உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.

[திரையில்: இரண்டு த்ரெட், இரண்டு லாக், குறுக்கே அம்புக்குறிகள்]

ஒரு புரோகிராமுக்குள்ள ஓடுற ரெண்டு வேலைகள் (த்ரெட்), ஒண்ணு பிடிச்சிருக்கிற பூட்டுக்காக (லாக்) இன்னொண்ணு காத்து, ரெண்டுமே நின்னுபோறதுதான் டெட்லாக். அதைப் பத்தின டாக்னு வைங்க. "டெட்லாக்கை விளக்கினீங்களே, அங்க ரெண்டாவது த்ரெட் எந்த லாக்கைப் பிடிச்சிருக்குன்னு எனக்கு விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் வந்த ஸ்லைடு எதுவும் ஏறல." இது போதும். படம் போடுறதா, வேகத்தைக் குறைக்கிறதான்னு ஸ்பீக்கரே முடிவு பண்ணுவார். "டெமோவுல டெர்மினல் திரையோட கடைசி வரிகளை முன்னால இருந்தவங்க தலை மறைச்சிடுச்சு"ன்னு சொன்னாலும் அப்படித்தான், நாளைக்கே சரிபண்ணிடலாம். பிடிச்ச இடத்தையும் இதே மாதிரி சொல்லுங்க. இல்லேன்னா நல்லா வந்த பகுதியைத்தான் முதல்ல வெட்டுவாங்க.

எப்ப சொல்றதுங்கிறது அதைவிட முக்கியம். இதெல்லாம் ஒத்திகையிலேயே வந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! 1924-ல கலிஃபோர்னியாவுல ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கின டோஸ்ட்மாஸ்டர்ஸ்ங்கிற மேடைப் பேச்சுப் பயிற்சி மன்றத்துல, தயாரிச்சுப் பேசுற ஒவ்வொருத்தரையும் கவனிச்சுக் கருத்து சொல்லவே ஒருத்தரை நியமிக்கிறாங்க. நம்ம டீம்லயும், மீட்டப்லயும் இந்த வேலையை ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கலாம். மேடையை விட்டு இறங்கின அந்த நிமிஷத்துல மட்டும் குறைப் பட்டியல் வேண்டாம். ஒரு நாள் போகட்டும், "சொல்லலாமா?"ன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க.

கேள்வி நேரத்துல மைக்கை வாங்கி, டாக்கோட மையத்துக்குச் சம்பந்தமே இல்லாத சின்னத் திருத்தம் சொல்றவங்க எல்லா ஊர்லயும் உண்டு. நியூயார்க்ல புரோகிராமர்கள் கூடிக் கத்துக்கிற இடமான ரீகர்ஸ் சென்டர், இப்படிக் குறுக்கிடுறதைத் தன்னோட சமூக விதிகள்லயே தடுத்து வெச்சிருக்கு. நியாயமான விதி. புதுசா மேடை ஏறினவங்களை அந்தக் குறுக்கீடு அவ்வளவு காயப்படுத்தும்.

[திரையில்: ஸ்பீக்கர், கையில் நோட்டு]

நீங்க ஸ்பீக்கரா? "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"தான் வரும். "எந்த இடத்துல போனை எடுத்தீங்க?"ன்னு கேளுங்க. பதில் வரும்போது விளக்கம் கொடுக்காம எழுதிக்கோங்க. ஒருத்தர் புரோகிராம் கோடு (code) இன்னும் வேணும்பார், இன்னொருத்தர் கோடு அதிகம்பார். ரெண்டு பேரும் ஒரே ஸ்லைடைச் சொல்றாங்கன்னா, கோடோட அளவை விட்டுட்டு அந்த ஸ்லைடுக்கு முன்னாடி என்ன சொல்லாம விட்டோம்னு பாருங்க.